கைவேலை மூலைக்கு வெளிச்சம்: பல்பு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆரி ஒர்க், தையல், குரோஷே, சில்க் த்ரெட் வளையல், டெரகோட்டா நகை என்று வீட்டில் ஒரு மூலையை ஒதுக்கிக் கைவேலை செய்பவர்கள் கொங்கு வட்டாரத்தில் ஏராளம். திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் துணிக்கும் நூலுக்கும் பஞ்சமில்லை. ஃப்ரேம், ஊசி, மணி எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். வெளிச்சத்துக்கு மட்டும், ஏற்கெனவே சுவரில் இருக்கும் டியூப் லைட்டே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். கண் எரிச்சலும் கழுத்து வலியும் வந்த பிறகு 9 வாட்ஸ் பல்பைக் கழற்றிவிட்டு 20 வாட்ஸ் மாட்டுவார்கள். அப்போதும் ஊசி முனை தெரியாது. குறை வாட்ஸில் இல்லை, விளக்கு இருக்கும் இடத்தில் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் எரியும் விளக்கை எவ்வளவு பெரிதாக்கினாலும், குனிந்து உட்காருபவரின் தலை நிழல் வேலையின் மேல்தான் விழும்.

அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் உட்காரும் இடம், அடுத்து விளக்கின் திசையும் உயரமும், பிறகு பல்பின் நிறம், கடைசியில் வாட்ஸ்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்

பல்பு வெளிவிடும் மொத்த ஒளிக்கு லூமென் என்று அளவு. அந்த ஒளி மேசைமேல் எவ்வளவு வந்து விழுகிறது என்பதற்கு லக்ஸ் என்று அளவு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் விழுந்தால் ஒரு லக்ஸ். பெட்டியில் போட்டிருப்பது லூமென். நமக்குத் தேவை லக்ஸ். இரண்டுக்கும் நடுவே தூரம், சுவரின் நிறம், விளக்கின் மூடி எல்லாம் வந்து நிற்கின்றன.

10க்கு 10 அடி அறை, சுவரின் மேலே ஒரு 20 வாட்ஸ் எல்இடி டியூப் லைட் என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 2000 லூமென் தரும். சுவரும் கூரையும் பாதியை விழுங்கிவிடும். மேசைமேல் வந்து சேருவது சுமார் 100 லக்ஸ். டிவி பார்க்க, துணி மடிக்க, குழந்தையோடு விளையாட அது போதும். தையலுக்கு 750 லக்ஸ் வேண்டும். சிறு மணி, ஜமிக்கி, ஜர்தோசி வைத்து வேலை செய்யவும், நூல் நிறம் சேர்த்துப் பார்க்கவும் 1000 லக்ஸ். குரோஷே, பின்னல், பேப்பர் குயில்லிங் போன்றவற்றுக்கு 500 இருந்தால் சிரமமில்லை.

இந்த எண்களோடு இரண்டு விஷயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, துணியின் நிறம். வெள்ளைத் துணி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைக் கண்ணுக்குத் திருப்பித் தரும். கறுப்பு வெல்வெட் நூற்றில் ஐந்து பங்குகூடத் தராது. கல்யாண பிளவுஸ்களில் அரக்கு, கரும்பச்சை, மயில் கழுத்து நீலம் போன்ற அடர்நிறங்கள்தான் அதிகம் வருகின்றன. வெள்ளைத் துணியில் சோதித்துப் பார்த்துவிட்டு வெளிச்சம் போதும் என்று முடிவு கட்டினால், அடர்நிறப் பிளவுஸ் ஃப்ரேமில் ஏறிய அன்று கண் தடுமாறும். இருப்பதிலேயே கறுத்த துணியை விரித்து வைத்துச் சோதியுங்கள். இன்னொன்று, வயது. 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்குதான். மகளுக்கு உறுத்தாத வெளிச்சத்தில் அம்மாவுக்கு ஊசிக் காது தெரியாமல் போவது இதனால்தான். இரண்டு பேரும் ஒரே மேசையில் வேலை செய்தால், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள விளக்காக வாங்குவது நல்லது.

அளந்து பார்க்க மீட்டர் வாங்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு போனில் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றை ஏற்றி, போனைத் திரை மேலே பார்க்கும்படி வேலை நடக்கும் இடத்தில் படுக்க வையுங்கள். ஒளியை உணரும் சென்சார் முன்பக்கக் கேமராவை ஒட்டி இருக்கும். உங்கள் தலை எப்போதும் எங்கே இருக்குமோ அங்கேயே வைத்துக்கொண்டு எண்ணைப் படியுங்கள். எழுந்து நின்று எட்டிப் பார்த்தால் நிழல் கணக்கில் வராது, எண் பொய் சொல்லும். போன் காட்டும் எண் துல்லியமானதில்லை. ஆனால் விளக்கை நகர்த்துவதற்கு முன்பும் பின்பும் எவ்வளவு மாறியது என்று ஒப்பிட அது போதும்.

தூரம்தான் மலிவான பல்பு

விளக்குக்கும் வேலைக்கும் உள்ள தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்காகும். கூம்பு மூடி போட்ட மேசை விளக்கில் ஒரு சாதாரண 9 வாட்ஸ் எல்இடி பல்பை, அதாவது சுமார் 900 லூமெனை, மாட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூடியில் கொஞ்சம் வீணானது போக, 60 செ.மீ. உயரத்தில் நேர் கீழே ஏறக்குறைய 550 லக்ஸ் கிடைக்கும். 45 செ.மீ.க்கு இறக்கினால் 1000. 30 செ.மீ.க்கு இறக்கினால் 2000 தாண்டிவிடும். 60க்கும் 45க்கும் உள்ள வித்தியாசம் ஒரு சாண்கூட இல்லை. வெளிச்சம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. இதே 1000 லக்ஸைக் கூரை விளக்கிலிருந்து கொண்டுவரப் போனால் அறை முழுக்க டியூப் லைட்டாகத் தொங்கும்.

மிகவும் கீழே இறக்கிவிட்டாலும் தொல்லை உண்டு. வெளிச்ச வட்டம் சுருங்கிவிடும், ஊசியைத் தூக்கும்போது கை விளக்கில் இடிக்கும், நடுவில் கண்ணைக் கூசி ஓரத்தில் இருட்டாகும். மேசை வேலைக்கு 40 முதல் 50 செ.மீ. உயரம் தோதானது.

மேசை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு அறை விளக்கை அணைத்துவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கரண்ட் மிச்சம் என்று நினைக்கிறார்கள், கண்தான் செலவாகிறது. ஃப்ரேமிலிருந்து தலையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் கண்மணி விரிந்து, மறுபடி குனியும்போது சுருங்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் 1000 லக்ஸ் என்றால், அதைச் சுற்றியுள்ள மேசைப் பரப்பில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும். அறையின் மற்ற பகுதியில் பத்தில் ஒரு பங்கு. ஏற்கெனவே இருக்கும் டியூப் லைட்டுக்கு இதுதான் வேலை.

எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும்

வலது கைக்காரர்களுக்கு விளக்கு இடப்பக்கம், கொஞ்சம் முன்னால் தள்ளி. இடது கைக்காரர்களுக்கு இதற்கு நேர்மாறு. வலது கையால் ஊசி பிடித்து, விளக்கும் வலப்பக்கம் இருந்தால், ஊசி இறங்கும் புள்ளியின் மேல் உங்கள் விரல் நிழலே விழுந்துகொண்டிருக்கும். அதைத் தவிர்க்கத் தெரியாமலே உடம்பைக் கோணலாக்கி உட்காருவீர்கள். சாயங்காலம் தோள்பட்டை வலிக்கும்போது காரணம் நாற்காலி என்று தோன்றும்.

நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும்போது கண் மேசைக்கு மேலே 40 முதல் 45 செ.மீ. உயரத்தில் இருக்கும். மூடியின் கீழ் விளிம்பு உங்கள் கண் மட்டத்தை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ வரவேண்டும். பல்பு நேரடியாகக் கண்ணில் படக் கூடாது. படுகிறது என்றால் மூடி ஆழம் போதவில்லை, அல்லது விளக்கு அளவுக்கு மேல் சாய்ந்திருக்கிறது. தரையில் சம்மணமிட்டு, குட்டை ஆரி ஸ்டாண்டு வைத்து வேலை செய்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஃப்ரேம் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கும், கண் இரண்டரை அடி உயரத்தில். கடையில் விற்கும் நின்ற வாக்கிலான விளக்குகள் இதற்கு மிக உயரம். வளையும் கழுத்துள்ள கிளிப் விளக்கு ஒன்றை வாங்கி, ஒரு ஸ்டூலின் காலிலோ ஃப்ரேமைத் தொடாத ஒரு கம்பத்திலோ தரையிலிருந்து இரண்டேகால் அடியில் பிடிக்க வைப்பது சுலபம். ஃப்ரேமிலேயே கிளிப்பை மாட்டாதீர்கள். ஒவ்வொரு குத்துக்கும் விளக்கு ஆடும், நிழலும் சேர்ந்து ஆடும்.

ஆரி வேலையில் நூல் துணிக்கு அடியில் இருப்பதால், அடியிலும் ஒரு விளக்கு வைத்தால் நன்றாகத் தெரியுமே என்று சிலர் முயல்கிறார்கள். பேப்பரிலிருந்து டிசைனை எடுத்து வரைவதற்கு அடி வெளிச்சம் சரி. குத்தும்போது அது கெடுதல். கீழிருந்து வரும் ஒளி மேலே இருப்பதை எல்லாம் கறுப்பு உருவமாக்கிவிடும். மணியின் நிறமும் நூலின் முறுக்கும் தெரியாது. அடியில் இருக்கும் நூலைக் கை விரல்தான் பார்க்க வேண்டும்.

மினுங்கும் பொருள்களில் திசை இன்னும் முக்கியம். ஜரி, ஜமிக்கி, குந்தன் கல், ரெசின், தஞ்சாவூர் ஓவியத்தின் தங்கத் தாள் இவையெல்லாம் கண்ணாடி மாதிரி நடந்துகொள்ளும். விளக்கு உங்களுக்கு நேர் எதிரே, ஷெல்ஃபின் அடியில் இருந்தால், அதன் ஒளி பொருளில் பட்டு நேராக உங்கள் கண்ணுக்குத் திரும்பும். வெள்ளையாக ஒரு மினுக்கம் தெரியும், கீழே உள்ள தையல் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டுக்கு மாற்றினால் அந்த மினுக்கம் எதிர்ப்பக்கம் போய்விடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை: வேலை செய்யும் இடத்தில் ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்து, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து அதைப் பாருங்கள். கண்ணாடியில் பல்பு தெரிந்தால் திசை தவறு. தெரியாத வரைக்கும் விளக்கை நகர்த்துங்கள். ஒரு நிமிட வேலை. எந்த விளக்கை வாங்கினாலும் முதலில் இதைச் செய்யுங்கள்.

இன்னொரு சோதனைக்குப் பென்சில் போதும். அதை வேலை இடத்தில் செங்குத்தாக நிறுத்தி நிழலைப் பாருங்கள். ஒரே நிழல், விளிம்பு மங்கலாக, உங்கள் கைக்கு வெளியே விழுந்தால் அமைப்பு சரி. கூர்மையான கறுப்பு நிழல் என்றால் பல்பு மிகச் சிறியது அல்லது மூடி தெளிந்த கண்ணாடி. பால் வெள்ளை மூடி தேவை. ஒரே அளவில் இரண்டு நிழல் எதிரெதிரே விழுந்தால் இரண்டு விளக்கு சம பலத்தில் சண்டை போடுகின்றன. மணி கோக்கும்போது ஒவ்வொரு மணிக்கும் இரண்டு நிழல் தெரிந்தால் துளை எங்கே என்று கண் குழம்பும். ஒன்றைப் பிரதானமாக வைத்து, மற்றதைத் தள்ளி வையுங்கள், அல்லது சுவரைப் பார்த்துத் திருப்பிவிடுங்கள்.

டெரகோட்டா, களிமண், மரச் செதுக்கு போன்றவற்றுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. மேற்பரப்பின் மேடுபள்ளம் தெரிய வேண்டும் என்பதால், ஒரு சிறு விளக்கைப் பொருளின் மட்டத்துக்கே இறக்கிப் பக்கத்திலிருந்து அடியுங்கள். விரல் ரேகைகூட நிழல் விட்டுக் காட்டும். வேலை முழுவதும் அப்படி வேண்டாம். உப்புத்தாள் போட்ட பிறகு சரிபார்க்க மட்டும்.

தையல் மெஷினுக்குத் தனிக் கணக்கு

மெஷினின் தூண் ஊசிக்கு வலப்பக்கம் நிற்பதால், வலப்பக்க விளக்கு எதற்கும் பயன்படாது. இடது கைக்காரர்களும் இங்கே இடமுன் பக்கத்திலிருந்துதான் வெளிச்சம் வாங்க வேண்டும். மெஷினில் உள்ள சிறு விளக்கு ஊசிக்கு நேர் மேலே இருப்பதால் பிரஷர் ஃபுட்டின் நிழல் தையல் கோட்டின் மேலேயே விழும். அதை மட்டும் நம்பித் தைத்தால் கோடு அரை மில்லிமீட்டர் விலகுவது தெரியாது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பவர் மெஷின் தலையில் காந்தத்தால் ஒட்டி நிற்கும், கழுத்து வளையும் எல்இடி விளக்கைப் பார்த்திருப்பீர்கள். வீட்டு மெஷினுக்கும் அதுவே போதும். பழைய இரும்பு மெஷின் என்றால் காந்தம் நேராக ஒட்டும். பிளாஸ்டிக் உடம்பாக இருந்தால், முதலில் ஒரு இரும்புத் தகட்டை டபுள் டேப்பில் ஒட்டி, அதன்மேல் விளக்கை நிறுத்த வேண்டும். மெஷினின் இடப்பக்க முகத்தில் ஒட்டி, கழுத்தை வளைத்து ஊசியின் முன்பக்க இடது மூலையைக் காட்டுங்கள்.

மெஷினில் வேலை செய்பவர்கள் பல்பின் படபடப்பையும் கவனிக்க வேண்டும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். உள்ளே நல்ல டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் சர்க்யூட்) இல்லாத பல்பு வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்கு அது தெரியாது, தலைவலியாகத் தெரியும். சுழலும் சக்கரம் நிற்பது போலவோ பின்னால் போவது போலவோ தோன்றவும் கூடும். கல் தேய்க்கும் சிறு கிரைண்டர், துளை போடும் டிரில் வைத்திருப்பவர்களுக்கு இது விரல் போகும் விஷயம். சோதிக்க, போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து எரியும் பல்பைப் படம் பிடியுங்கள். வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடினாலோ துடித்தாலோ அந்தப் பல்பு வேண்டாம். கடையில் எரியவிட்டுக் காட்டும்போதே பார்த்துவிடலாம்.

படபடப்புக்கு வீட்டிலேயே இன்னொரு காரணமும் உண்டு: சீலிங் ஃபேன். விளக்கு ஃபேன் இறக்கைக்கு மேலே, கூரையை ஒட்டி இருந்தால் இறக்கையின் நிழல் மேசையில் வெட்டிக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்த முடியாது. விளக்கைத்தான் இறக்கை மட்டத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும்.

பகல் வெளிச்சம், நம் ஊர் வெயில்

வடக்கு ஜன்னல்தான் சிறந்தது, அதில் நேர் வெயில் வராது என்று எங்கும் எழுதியிருப்பார்கள். குளிர் நாடுகளுக்கு அது பொருந்தும். கோயம்புத்தூர், ஈரோடு, பொள்ளாச்சி எல்லாம் 11 டிகிரி வடக்கை ஒட்டிய ஊர்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. உச்சிப்பொழுதில் சன்ஷேடு தடுத்துவிடும். ஆனால் ஜூனில் காலையும் மாலையும் வடக்கு ஜன்னல் வழியாகவே சாய்வாக வெயில் உள்ளே வரும். அந்த நாலு மாதத்துக்கு ஜன்னலில் ஒரு வெள்ளைத் திரை இருக்க வேண்டும். செப்டம்பர் முதல் ஏப்ரல் பாதி வரை வடக்கு ஜன்னலை மிஞ்ச எதுவுமில்லை. மேற்கு ஜன்னல் மட்டும்தான் இருக்கிறது என்றால் மதியம் இரண்டு மணிக்குள் வேலையை முடிக்கும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

மேசையை ஜன்னலைப் பார்த்துப் போடாதீர்கள், ஜன்னலுக்கு முதுகு காட்டியும் போடாதீர்கள். முதலாவதில் கண் கூசும், இரண்டாவதில் உங்கள் நிழலிலேயே வேலை செய்வீர்கள். ஜன்னல் இடது கைப்பக்கம் வரும்படி போடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஈபி பகல் முழுவதும் கரண்டை நிறுத்தும் நாளில் இந்த ஒரு ஏற்பாடுதான் கைகொடுக்கும்.

ஓட்டு வீட்டில் ஆசாரத்திலோ தறிக் கொட்டகையிலோ கண்ணாடி ஓடு பதித்திருந்தால் அது நல்ல வெளிச்சம். குறை என்னவென்றால், வெயில் ஒரு சதுரமாக இறங்கிப் பொழுது நகர நகர மேசைமேல் நடந்து போகும். ஓட்டுக்கு ஓரடி கீழே வெளுத்த காடாத் துணியை இழுத்துக் கட்டுங்கள். ஒளி பரவி விழும். பட்டு நூல் கண்டுகள் நேர் வெயிலில் சில வாரங்களிலேயே நிறம் மங்கத் தொடங்கும் என்பதால் அவற்றுக்கும் இந்தத் துணி பாதுகாப்பு. ஷீட் கூரையில் வெளிச்சத்துக்காக ஒரு ஃபைபர் ஷீட் போடுவதானால் பால் வெள்ளை போடுங்கள். பச்சை ஷீட்டுக்குக் கீழே எந்த நூலின் நிறத்தையும் நம்ப முடியாது.

யுவி ரெசின் வைத்து வேலை செய்பவர்கள் ஜன்னலை விட்டுத் தள்ளியே இருங்கள். அச்சில் ஊற்றி முடிக்கும் முன்பே வெயிலில் இறுகிவிடும்.

நிறம் சரியாகத் தெரிய

இதில்தான் துணியும் நூலும் வீணாகின்றன. பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். 2700, 3000, 4000, 6500 கெல்வின் என்று ஒன்று. அது ஒளி மஞ்சளா வெள்ளையா நீலம் கலந்த வெள்ளையா என்று சொல்கிறது. சிஆர்ஐ அல்லது ஆர்ஏ என்று இன்னொன்று. அந்த ஒளியில் பொருள்களின் நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்று அது சொல்கிறது. 100 என்பது உச்சம். இரண்டும் வேறு வேறு. 6500 கெல்வின் பல்பு பகல் போல வெள்ளையாக இருக்கிறது என்பதால் நிறம் சரியாகத் தெரியும் என்று நினைப்பது பரவலான தவறு. நம் ஊர்க் கடைகளில் அதிகம் விற்பது 6500 கெல்வின், சிஆர்ஐ 80 பல்புதான். அதில் சிவப்பு மட்டும் அடிபடும். அரக்கும் காப்பிக்கொட்டை நிறமும் ஒன்று போலத் தெரியும், மெரூன் செத்துப் போகும், உள்ளங்கை வெளிறித் தெரியும். சிஆர்ஐ கணக்கில் முதல் எட்டு நிறங்களின் சராசரிதான் வருகிறது, எட்டும் வெளிர் நிறங்கள். அடர் சிவப்புக்கு ஆர்9 என்று தனி மதிப்பு, அது அந்தச் சராசரியில் சேராது. பட்டு பிளவுஸ் வேலைக்கு அடர் சிவப்புதானே உயிர்! ஆகவே சிஆர்ஐ 90க்கு மேல் போட்ட பல்பைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பல்பைவிட விலை கூடும். வீடு முழுக்க வேண்டாம், வேலை விளக்கில் ஒன்று போதும்.

எந்த கெல்வின் என்பதற்கு, நாள் முழுதும் வேலை செய்ய 4000 கண்ணுக்கு இதம். நிறம் சேர்த்துப் பார்ப்பதுதான் உங்கள் வேலையில் பாதி என்றால் 6500 கெல்வினில் சிஆர்ஐ 90க்கு மேல். மேசையில் ஒன்று மஞ்சளும் அறையில் ஒன்று நீல வெள்ளையுமாகக் கலக்காதீர்கள். ஒரே நூல் கண்டின் இரண்டு பக்கமும் இரண்டு நிறமாகத் தெரியும்.

கடைக்குப் போகும்போது மூன்று நூல் கண்டுகளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்: ஒரு அரக்கு, ஒரு காப்பிக்கொட்டை, ஒரு கருநீலத்தோடு கறுப்பைச் சேர்த்துச் சுற்றியது. பல்பை எரியவிட்டு, கடையின் மற்ற வெளிச்சம் படாதபடி கையால் மறைத்து, அந்த நூல்களைப் பல்புக்கு அருகே பிடியுங்கள். அரக்கும் காப்பியும் பிரிந்து தெரிந்து, கருநீலம் கறுப்பிலிருந்து விலகினால் பல்பு தேறியது.

ஒரு விளக்கில் பொருந்திய இரண்டு நிறம் இன்னொரு விளக்கில் பொருந்தாமல் போவது சாயத்தின் இயல்பு. வெவ்வேறு சாயக் கலவையில் வந்த இரண்டு துணிகள் ஒரு ஒளியில் ஒன்று போலவும் மற்றொன்றில் வேறாகவும் தெரியும். திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் இதற்கென்றே ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். பகல் ஒளிக்கு டி65, ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கு டிஎல்84, வீட்டுக் குண்டு பல்பு மஞ்சளுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டுச் சாயத்தைச் சரிபார்ப்பார்கள். அதே முறையை வீட்டில் சிறிதாகச் செய்யலாம். துணியையும் நூலையும் முதலில் ஜன்னல் வெளிச்சத்தில், பிறகு மேசை விளக்கில், கடைசியாக ஒரு 2700 கெல்வின் மஞ்சள் பல்பில் வைத்துப் பாருங்கள். கல்யாண மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில்தான் அந்த பிளவுஸை ஊரே பார்க்கப் போகிறது. ஈரோடு ஜவுளிச் சந்தையில் ராத்திரி வெளிச்சத்தில் துணி எடுப்பவர்கள், சேர்க்க வேண்டிய நூலை மறுநாள் பகலில் தேர்ந்தெடுப்பது நல்லது.

சுவர் நிறமும் ஒளியைக் கெடுக்கும். நம் வீடுகளில் பச்சை, ரோஸ், ஊதா என்று அழுத்தமாகப் பெயிண்ட் அடிப்பது வழக்கம். விளக்கின் ஒளி அந்தச் சுவரில் பட்டு வரும்போது அதன் நிறத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டே வரும். அறை முழுக்க மாற்ற வேண்டாம். மேசைக்குப் பின்னாலும் இடப்பக்கமும் நாலடிக்கு மங்கல் வெள்ளை அடித்தால் போதும். மேசையின் மேல் வழுவழுப்பான வெள்ளை சன்மைக்கா இருந்தால் மினுங்கும். மங்கலான சாம்பல் துணியோ ஃபெல்ட்டோ விரியுங்கள். மணியும் உருண்டோடாது.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும் ஐஎஸ் 16102 என்ற குறியும் இருக்கிறதா பாருங்கள். அடுத்து வோல்டேஜ் வரம்பு. மோட்டார் ஓடும் தோட்டத்து வீட்டிலும், விசைத்தறி நிறைந்த சோமனூர், பல்லடம் பக்கத்திலும் வோல்டேஜ் ஏறி இறங்கும். 220–240 என்று மட்டும் போட்டதைவிட 140 முதல் 270 வரை தாங்கும் என்று போட்டதும், சர்ஜ் (திடீர் வோல்டேஜ் ஏற்றம்) தாங்கும் அளவு 2.5 அல்லது 4 கிலோவோல்ட் என்று சொன்னதும் மேல். எல்இடி பல்பு பெரும்பாலும் சிப் போய்ச் சாவதில்லை, டிரைவர் போய்த்தான் சாகிறது. காற்றோட்டம் இல்லாத ஜாடி மூடிக்குள் மாட்டினால் சூட்டிலேயே டிரைவர் போய்விடும். மூடியின் மேல்பக்கம் ஓட்டை இருக்கட்டும். வாரண்டி பில்லைப் பெட்டியோடு வையுங்கள்.

வீட்டு ஹோல்டர் பெரும்பாலும் பின் வகை. மேசை விளக்குகள் பல மரை வகை. வீட்டிலிருந்து பல்பை எடுத்துப் போய்க் காட்டி வாங்கினால் திரும்ப அலைய வேண்டாம்.

ஷெல்ஃபுக்கு அடியில் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்ட நினைப்பவர்களுக்கு: 12 வோல்ட், மீட்டருக்கு 120 எல்இடி உள்ள ஸ்ட்ரிப் மீட்டருக்கு ஏறக்குறைய 10 வாட்ஸ் இழுக்கும். நாலடி மேசைக்கு 1.2 மீட்டர், 12 வாட்ஸ். அடாப்டர் 12 வோல்ட் 2 ஆம்பியர் போதும். அளவுக்குச் சரியாக 1 ஆம்பியர் வாங்கினால் சூடாகிச் சீக்கிரம் போகும். ஸ்ட்ரிப்பை நேராக மரத்தில் ஒட்டாதீர்கள், சூடு வெளியேறாமல் பசை விடும். அலுமினியச் சேனலில் ஒட்டி, பால் வெள்ளை மூடி போட்டு, ஷெல்ஃபின் முன் விளிம்புக்கு உள்ளே ஒரு இஞ்சு தள்ளி மாட்டுங்கள். முன் விளிம்பில் இரண்டு இஞ்சு மரச் சட்டம் இருந்தால் ஒளி கண்ணில் படாது. நேர் எதிரே வரும் வெளிச்சம் என்பதால் ஜரி வேலைக்கு இதைத் துணை விளக்காக மட்டும் வையுங்கள்.

இரும்பு உடம்புள்ள விளக்குக்கு மூன்று பின் பிளக்கும் எர்த் ஒயரும் அவசியம். அயர்ன் பாக்ஸும் விளக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேண்டாம். அயர்ன் பாக்ஸ் ஆன் ஆகும்போதெல்லாம் விளக்கு மினுங்கும், பாக்ஸும் சூடாகும்.

பூதக்கண்ணாடி விளக்கு வாங்கினால் 3 டயாப்டர் (லென்ஸின் திறன் அளவு) போதும், 1.75 மடங்கு பெரிதாகக் காட்டும். 5 டயாப்டரில் பூதக்கண்ணாடியை, செய்யும் வேலையிலிருந்து 20 செ.மீ. நெருக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும், ஊசியை இழுக்க இடமிருக்காது. வேலை முடிந்ததும் துணி போட்டு மூடுங்கள். ஜன்னல் வெயில் அந்தக் கண்ணாடியில் பட்டுக் குவிந்தால் துணி பற்றிக்கொள்ளும்.

கரண்ட் போனால் தானே எரியும் இன்வெர்ட்டர் பல்பில் நாலு மணி நேரம் என்று போட்டிருக்கும். வெளிச்சம் நேரம் போகப் போக மங்கும். முதல் அரை மணியில் எடுத்த வேலையை ஒரு முடிச்சில் நிறுத்தவே அதை வையுங்கள்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, கோயம்புத்தூர், பல்லடம் வரை புழுதியைக் கொண்டுவந்து கொட்டும். தறி ஓடும் ஊர்களில் பஞ்சும் சேரும். மூடியில் படியும் தூசி வெளிச்சத்தில் ஒரு பங்கைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். அந்த இரண்டு மாதமும் வாரம் ஒருமுறை, மற்ற நாளில் மாதம் ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, உலர்ந்த பனியன் துணியால் துடையுங்கள். கயிற்றில் தொங்கும் விளக்காக இருந்தால் இந்தக் காற்றில் ஊஞ்சலாடும். ஒரு கம்பியால் சுவரோடு இழுத்துக் கட்டுங்கள். பல்பு மாட்டிய தேதியை அடிப்பாகத்தில் மார்க்கரில் எழுதி வைத்து, போனில் அன்று அளந்த லக்ஸையும் பக்கத்தில் குறியுங்கள். துடைத்த பிறகும் அந்த எண்ணில் முப்பது சதவீதம் குறைந்திருந்தால் பல்பு எரிந்துகொண்டிருந்தாலும் மாற்ற வேண்டிய நேரம். மேசையில் இரண்டு பல்பு இருந்தால் இரண்டையும் ஒரே கம்பெனியில், ஒரே கெல்வினில், ஒரே நாளில் மாற்றுங்கள்.